வளர்ப்போர் கடமை

பழந்தமிழ் நாட்டில் பேகன் என்னும் வள்ளல் வாழ்ந்தான். அவன் மலைநாட்டுத் தலைவன். கார்காலத்தில் ஒரு நாள் மயில் ஒன்று அகவக் கேட்டான். குளிருக்கு ஆற்றாது அது கூவுகின்றது என்று எண்ணினான், உள்ளம் உருகினான், தன் போர்வையை எடுத்து அதன்மேல் போர்த்தினான். மயில் ஆடை உடுப்பதும் இல்லை, போர்ப்பதும் இல்லை. ஆயினும், பயன் கருதாது ஈந்த அக்கொடையைச் சான்றோர் கொடைமடம் என்று பெயரிட்டுப் போற்றினர். அவ்வருள் நெஞ்சம் போற்றத்தக்கதே. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. அம்மயில் காட்டு மயில். போர்வை வேண்டாவெனில் அதனை உதறிவிட்டுத் தன் வழியே பறந்திருக்கும். ஆதலின் பேகனின் அன்பு மயிலுக்கு நலம் பயக்காவிடினும் தீங்கு பயக்கவில்லை.

கூண்டில் அடைபட்ட உயிரின் நிலை வேறு. அதற்கு உதறிச் செல்லும் உரிமை இல்லை. கொடுத்ததை உண்ண வேண்டும். வைத்த இடத்தில் இருக்க வேண்டும். அதன் உணவும் நீரும், ஒளியும் வெப்பமும், உறக்கமும் அச்சமும் ஆகிய யாவும் வளர்ப்பவன் கையில் இருக்கின்றன. அங்கே அறியாமையோடு கூடிய அன்பு, பகைமையினும் கொடியதாக முடிதல் உண்டு. உயிர்களை வளர்க்க விரும்புவோர்க்கு அன்பு முதற்படி; அறிவு இரண்டாம் படி. முதற்படியிலேயே நின்றுவிடுவோர் பலர். இதனைத் தெளிவாகக் காட்டுவது இகுவானா என்னும் பேரோணானின் கதை.

இகுவானா, மெக்சிகோ முதல் தென் அமெரிக்கா வரை பரந்துள்ள வெப்பக் காடுகளில் வாழும் பிராணி. 1758ஆம் ஆண்டில் லின்னேயசு என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். உடல் பசுமை நிறம். முதுகில் சீப்பின் பற்கள் போன்ற முட்களின் வரிசை. கழுத்தின்கீழ்த் தொங்கும் தோல். உடலினும் நீண்ட வால். ஆற்றங்கரை மரங்களின் உச்சியில் வெயில் காய்ந்திருக்கும். பகை வரின் தயங்காது நீரிற் குதித்து நீந்தி மறையும். இதனை உடும்பு என்று கருதுவோர் சிலர் உளர். அது பிழை. உடும்பு ஊன் உண்பது. இகுவானா இலையும் பூவும் கனியும் உண்பது. உருவத்தில் ஓரளவு ஒப்புமை இருப்பினும் வாழ்க்கையில் இரண்டும் வேறு வேறு.

1990ஆம் ஆண்டுகளில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் இவ்வுயிரை வளர்க்கும் ஆசை பெருகிற்று. நடு அமெரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான குஞ்சுகள் கப்பலிலும் வானூர்தியிலும் வந்து இறங்கின. ஒரு சாண் நீளமே உள்ள பச்சை நிறக் குஞ்சு, உள்ளங்கையில் அடங்குவது, விலையும் மிகக் குறைவு. குழந்தை கேட்டது, தந்தை வாங்கிக் கொடுத்தார். மீன் வளர்க்கும் கண்ணாடிப் பெட்டி ஒன்று அதற்கு வீடாயிற்று. விலை குறைந்த பொருளைப் பேணுவதும் எளிது என்று மக்கள் கருதிவிட்டனர். பெருந்தவறு அங்கேதான் தொடங்கிற்று.

குஞ்சு என்றும் குஞ்சாக இருப்பதில்லை. சில ஆண்டுகளில் இகுவானா தலைமுதல் வால்வரை ஒன்றரை மீட்டர் நீளம் வளரும். நன்கு வளர்ந்த ஆண் 7 கிலோவுக்கு மேலும் எடை இருக்கும். நல்லவாறு பேணப்பட்டால் அது 15 முதல் 20 ஆண்டு வரை வாழும். பத்து வயதுச் சிறுவன் வாங்கிய குஞ்சு, அவன் கல்லூரியிற் பயிலும்போதும், வேலைக்குச் செல்லும்போதும், மணம் புரியும்போதும் உடன் இருக்கும். அதற்குக் கண்ணாடிப் பெட்டி போதுமா? ஏறக்குறைய 2 மீட்டர் உயரமும் 2 மீட்டர் அகலமும் உள்ள கூண்டு வேண்டும். அது மரவாழ் உயிர் ஆதலின் ஏறி அமர்வதற்கு உறுதியான கிளைகள் வேண்டும். சுருங்கச் சொன்னால், வீட்டில் ஓர் அறையையே அதற்கு ஈதல் வேண்டும்.

இடத்தினும் இன்றியமையாதது ஞாயிற்றின் ஒளி. உயிரினங்களின் எலும்பு சுண்ணச் சத்தால் உறுதி பெறுகின்றது. அச்சத்து உணவில் இருந்தால் மட்டும் போதாது; குடல் அதனை ஈர்த்துக் கொள்ளுதல் வேண்டும். அதற்கு உயிர்ச்சத்து டி தேவை. ஞாயிற்றின் ஒளியில் கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிர்கள் உண்டு. அவற்றுள் ஒரு வகை தோலின்மேல் படும்போது இகுவானாவின் உடலில் அவ்வுயிர்ச்சத்து உண்டாகின்றது. காட்டு மரத்தின் உச்சியில் அது நாள்தோறும் வெயில் காய்வது சோம்பலால் அன்று. அவ்வெயிலே அதன் எலும்பை வளர்க்கின்றது.

வீட்டிற்குள் வளர்ப்பவர் சிலர், கூண்டைச் சன்னலின் அருகே வைத்துவிட்டு, வெயில் படுகின்றது என்று மனநிறைவு கொள்கின்றனர். சன்னற் கண்ணாடி ஒளியை உள்ளே விடும், வெப்பத்தையும் விடும், எலும்புக்கு வேண்டிய அப்புறஊதாக் கதிரை மட்டும் தடுத்துவிடும். வெயில் கிடைக்காத இடங்களில் அக்கதிரை வீசும் தனி விளக்குகளை அமைத்தல் வேண்டும். அவ்விளக்கும் ஏமாற்றுவது உண்டு. நாளடைவில் அதன் கதிர் தேய்ந்து போகும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளி குறையாது. விளக்கு எரிகின்றதே என்று வளர்ப்பவர் எண்ணியிருப்பார். விலங்கோ இருளில் வாழ்வதற்கு ஒப்பாகும். ஆதலின் விளக்குச் செய்தோர் குறித்த காலத்தில், பெரும்பாலும் 6 மாதம் முதல் ஓராண்டிற்குள், அதனை மாற்றுதல் வேண்டும்.

இதனைச் செய்யாவிடின் விளைவது யாது? குருதியில் சுண்ணச் சத்துக் குறைகின்றது. குறையை நிரப்ப உடல் தன் எலும்பிலிருந்தே அதனைக் கரைத்து எடுக்கின்றது. கடன் தீர்ப்பதற்கு வீட்டின் தூண்களையே பெயர்த்து விற்பவன் செயல் போன்றது இது. எலும்பு மெலிகின்றது, தாடை இரப்பர் போல வளைகின்றது, கைகால்கள் நடுங்குகின்றன, மெல்லிய அசைவிற்கும் எலும்பு முறிகின்றது. மெலிந்த எலும்பைத் தாங்குவதற்கு அதனைச் சுற்றி நார்த்தசை தடித்து வளர்வதால் தொடைகள் பருத்துத் தோன்றும். அதனைக் கண்டு, விலங்கு கொழுத்துச் செழித்துள்ளது என்று மகிழ்ந்த வளர்ப்போர் உண்டு. நோயை நலம் என்று எண்ணி மகிழ்வதினும் இரங்கத்தக்கது வேறு உண்டோ? வீட்டில் வளர்ந்த இகுவானாக்களை மிகுதியாக வாட்டிய நோய்களுள் இது தலையாயது. அவ்வீடுகளில் அன்பு இல்லாமல் இல்லை, அறிவுதான் இல்லை.

ஒளிக்கு அடுத்தது வெப்பம். மனிதன் தன் உடலின் வெப்பத்தைத் தானே ஆக்கிக் கொள்கின்றான். ஊர்வன அவ்வாறு செய்ய இயலாதவை. சூழலிலிருந்தே வெப்பத்தைப் பெறுபவை. இகுவானா வெயில் காயும் இடம் 35 டிகிரி செல்சியசு அளவில் இருத்தல் வேண்டும். கூண்டின் மறுபக்கம் 27 டிகிரி அளவில் தணிந்து இருத்தல் வேண்டும். இரண்டிற்கும் இடையே அது தானே நகர்ந்து தனக்கு ஏற்ற இடத்தைத் தேர்ந்துகொள்ளும். உடல் குளிர்ந்தால் உண்ட உணவு செரியாது. சூடேறும் கற்களை வாங்கிக் கூண்டின் அடியில் வைப்பவர் உளர். இகுவானா மேலிருந்து வரும் வெப்பத்தை நாடும் இயல்பினது. அடியில் உள்ள கல் சுடுவதை விரைவில் உணராது. வயிறு வெந்து புண்ணாகும் வரை அதன்மேற் படுத்துக் கிடக்கும். நலம் கருதி வாங்கிய பொருளே நஞ்சாகிவிடுகின்றது.

உணவைப் பற்றிய அறியாமையும் இவ்வாறே. இகுவானா இலையுண்ணும் உயிர். அதன் பெருங்குடலில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் வாழ்ந்து இலையின் நாரைப் புளிக்கச் செய்து செரிப்பிக்கின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சிடம் அவை இல்லை. பனாமாவில் ஆராய்ந்த கேதரின் திராயர் என்னும் அறிஞர் 1982ஆம் ஆண்டில் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார். காட்டுக் குஞ்சுகள் முதிர்ந்த இகுவானாக்களின் எச்சத்தை உண்டு அந்நுண்ணுயிர்களைப் பெறுகின்றன என்பதே அது. மனிதனுக்கு அருவருப்பாகத் தோன்றுவதும் இயற்கையில் ஒரு பொருளோடுதான் நிகழ்கின்றது.

இத்தகைய குடலுக்கு ஏற்றவை கடுங்கீரைகள். கடுகுக்கீரை, காலர்டு கீரை, டேன்டிலியன் இலை ஆகியவற்றில் சுண்ணச் சத்து மிகுதி. செம்பருத்திப் பூவையும் இலையையும் அது விரும்பி உண்ணும். காய்களும் சிறிது பழமும் துணையாக அமையலாம். உணவில் பாஸ்பரசைப்போல இரு மடங்கு சுண்ணச் சத்து இருத்தல் நன்று. கடைகளில் விற்கும் வெளிறிய லெட்டூசு கீரையில் நீர் மிகுதி, சத்துக் குறைவு. அதனையே நாள்தோறும் தின்று, வயிறு நிறைந்தும் உடல் வாடிய விலங்குகள் பல. பாலக்கீரையில் உள்ள ஆக்சலேட்டு என்னும் பொருள் சுண்ணச் சத்தைக் கட்டிப்போடும். ஆதலின் அது நாள்தோறும் ஆகாது. இறைச்சியும் நாய்க்கு ஆக்கிய தீனியும் கொடுத்து விரைவில் வளர்க்க முயன்றோர் உண்டு. விரைவாக வளர்ந்த அவ்விலங்குகளின் சிறுநீரகம் பழுதுற்று இளமையிலேயே அவை இறக்க நேர்ந்தது. தான் உண்பது எதுவோ அதுவே பிற உயிர்க்கும் நல்லது என்று மனிதன் கருதுவது எத்துணை மடமை!

வெப்பக் காட்டில் வாழும் உயிர் ஆதலின் அதற்கு ஈரக்காற்றும், குடிக்கவும் முழுகவும் தூய நீரும் வேண்டும். காற்று வறண்டால் தோல் செம்மையாக உரியாது. உரியாத தோல் விரலையும் வால் நுனியையும் இறுக்கிக் குருதியோட்டத்தைத் தடுத்துவிடும். இன்னொரு செய்தியும் அறியத்தக்கது. இகுவானா அடிக்கடி தும்மும்; கூண்டின் கண்ணாடியில் வெண்ணிறத் துகள் படியும். சளி பிடித்ததென்று சிலர் அஞ்சுவர். உடலில் மிகுந்த உப்பை மூக்கின் வழியே வெளியேற்றும் சுரப்பி அதற்கு உண்டு. அத்தும்மல் நோயன்று, இயல்பு. நோயை நலமென்று கருதுவதும் நலத்தை நோயென்று கருதுவதும் அறியாமையின் இரு முகங்கள்.

விலங்கின் மனத்தையும் அறிதல் வேண்டும். இகுவானாவின் தலை உச்சியில் மூன்றாம் கண் போன்ற ஓர் உறுப்பு உண்டு. அது உருவத்தைக் காணாது. ஒளியையும் நிழலையும் மட்டும் உணரும். வானிலிருந்து பருந்து பாயும்போது விழும் நிழலை அறிதற்கு அது உதவும். ஆதலின் மேலிருந்து நீளும் கை, அன்புக் கையாயினும், அதற்குப் பருந்தின் நிழலே. பக்கத்திலிருந்து மெல்ல அணுகுதலே முறை. இளம் விலங்கின் வாலைப் பிடித்து இழுத்தால் வால் அறுந்துவிடும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் சினம் மிகுந்து கடித்தலும் உண்டு. அது நன்றிகெட்ட செயல் அன்று, அதன் இயல்பு. நாயிடமும் பூனையிடமும் எதிர்பார்க்கும் குழைவை அதனிடம் எதிர்பார்ப்பது, எதிர்பார்ப்பவரின் குற்றமேயாகும்.

காட்டில் நோயுற்றுத் தளர்ந்த விலங்கே பகைக்கு முதலில் இரையாகும். ஆதலின் இகுவானா தன் நோயை மறைக்கும். அது வெளிப்படையாகச் சோர்ந்து கிடக்கும் நாளில் நோய் முற்றியிருக்கும். வாரந்தோறும் எடை பார்த்துக் குறித்து வைத்தல், உண்ணும் அளவையும் எச்சத்தையும் உற்று நோக்கல், ஊர்வனவற்றை நன்கறிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டல் ஆகியவை பேணுதலின் பகுதிகளாம். பெண் இகுவானா, ஆண் துணை இன்றியும் முட்டை கொள்ளும். முட்டையிட அதற்குத் தோண்டத்தக்க மண் வேண்டும். அஃது இல்லாவிடின் முட்டைகள் உள்ளேயே தங்கி உயிரைப் போக்கிவிடும். ஒரு பெட்டி மண் இல்லாமையால் ஓர் உயிர் மாய்வது கொடுமையன்றோ?

விலங்கின் நலத்தோடு வீட்டாரின் நலமும் பிணைந்துள்ளது. நோயின்றி விளங்கும் இகுவானாவின் குடலிலும் சால்மொனெல்லா என்னும் நுண்ணுயிர் இருத்தல் கூடும். அது மனிதர்க்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும்; குழந்தைகளையும் முதியோரையும் கடுமையாகத் தாக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகளில் ஊர்வனவற்றை வளர்த்தலாகாது என்பது மருத்துவத் துறையினரின் அறிவுரை. தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுதலும், அதன் தட்டுகளைச் சமையலறையில் கழுவாமையும் தவறாமற் போற்ற வேண்டிய ஒழுக்கங்கள்.

இவற்றையெல்லாம் செய்ய இயலாதவர் செய்தது என்ன? கூண்டைத் திறந்து விட்டனர். "காட்டில் வாழ வேண்டிய உயிரைக் காட்டிலேயே விட்டோம்" என்று அவர் தம் மனத்தைத் தேற்றிக் கொண்டனர். அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள புளோரிடா மாநிலத்தில் 1960ஆம் ஆண்டுகளிலேயே இகுவானாக்கள் காணப்பட்டன. வணிகக் கப்பல்களில் ஒளிந்து வந்தவற்றோடு, தப்பியோடியவையும் கைவிடப்பட்டவையும் சேர்ந்து பல்கின. இன்று அவை அங்கே கால்வாய்க் கரைகளைத் தோண்டிக் குலைக்கின்றன, தோட்டங்களை அழிக்கின்றன. 2010ஆம் ஆண்டின் சனவரிக் குளிரில் அவற்றுள் மிகப் பல மடிந்தன. 2020ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள், குளிரால் உணர்விழந்த இகுவானாக்கள் மரத்திலிருந்து விழக்கூடும் என்று மயாமி நகரின் வானிலை அலுவலகம் மக்களுக்கு அறிவித்தது. அவ்வறிவிப்பைக் கேட்டு உலகம் நகைத்தது. நகைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. வெயிலுக்கென்று பிறந்த உயிரைக் குளிர் வரக்கூடிய நாட்டில் கொண்டு சேர்த்தவன் மனிதன்.

2021ஆம் ஆண்டில் புளோரிடா அரசு இகுவானா வளர்ப்பதைத் தடை செய்தது. முன்னரே வளர்த்து வந்தோர் மட்டும் அனுமதி பெற்று, அவ்வுயிர் வாழும் அளவும் வைத்துக்கொள்ள இசைவு அளித்தது. தம் நிலத்தில் காணும் இகுவானாக்களைத் துன்புறுத்தாது கொன்று அகற்றுமாறு நிலவுரிமையாளரை அது ஊக்குகின்றது. பிறந்த மண்ணில் அவ்வுயிரைக் காக்கும் பொருட்டு அதன் வாணிகம் 1977ஆம் ஆண்டு முதல் பன்னாட்டு உடன்படிக்கை ஒன்றால் கட்டுப்படுத்தப்பட்டு வருகின்றது. ஓரிடத்தில் காக்கப்படும் உயிர் மற்றோரிடத்தில் களையாகக் கருதப்படுகின்றது. குற்றம் உயிரினுடையதன்று, அதனை இடம் பெயர்த்தவருடையது. இந்தியாவிலும் சட்டம் விழித்திருக்கின்றது. உடும்பைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அச்சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், மேற்கூறிய உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போரும் அரசிடம் பதிவு செய்தல் வேண்டும்.

"அங்ஙனமாயின் இவ்வுயிர்களை எவருமே வளர்க்கலாகாதோ?" என்று சிலர் வினவுவர். காட்டுயிர் காட்டில் வாழ்வதே சிறப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் இன்று கூண்டுகளில் பிறந்து வளர்ந்த இகுவானாக்கள் பல உள்ளன. அவற்றிற்குத் திரும்பிச் செல்லக் காடு இல்லை. அவற்றைச் செவ்வனே பேணுதல் அறமே. "பொருள் கொடுத்து வாங்கினேன், என் விருப்பம்போல் வைத்துக்கொள்வேன்" என்று வேறு சிலர் கூறுவர். பொருள் கொடுத்து வாங்கிய நாற்காலிக்குப் பசி இல்லை, வெயில் வேண்டா, எலும்பு இல்லை. உயிரை வாங்குபவன் உரிமையை மட்டும் வாங்குவதில்லை. கடமையையும் சேர்த்தே வாங்குகின்றான். அக்கடமை 20 ஆண்டு நீளம் உடையது.

ஆதலின் எவ்வுயிரையேனும் வளர்க்க விரும்பும் மாணவர், அதனை வீட்டிற்குக் கொண்டுவரும் முன் தம்மைத் தாமே வினவுதல் வேண்டும். இவ்வுயிர் எந்நாட்டில், எத்தகைய வெயிலில், எதனை உண்டு வாழ்ந்தது? முழு வளர்ச்சியில் அது எவ்வளவு பெரிதாகும்? எத்தனை ஆண்டு வாழும்? நோயுற்றால் அறிந்து மருந்து தருவார் அருகில் உளரா? சட்டம் இடம் கொடுக்கின்றதா? இவற்றிற்குத் தக்க விடை உண்டாயின் வளர்க்கலாம். விடை இல்லையாயின், வாங்காமல் இருப்பதே அவ்வுயிர்க்குச் செய்யும் பேருதவி. நூலிற் படித்தும், உயிர்க்காட்சிச் சாலையிற் கண்டும் மகிழலாம். அவ்வாறு விலகி நிற்பதும் அன்பின் ஒரு வடிவமே.

பேகனின் மயில் போர்வையைக் கேட்கவில்லை. கூண்டில் உள்ள இகுவானாவும் வாய் திறந்து எதனையும் கேட்பதில்லை. ஆனால் அதன் எலும்பு வெயிலைக் கேட்கின்றது. குடல் ஏற்ற இலையைக் கேட்கின்றது. கால்கள் கிளையைக் கேட்கின்றன. அவ்வாயில்லா உயிரின் வேண்டுகோளைக் கேட்கும் செவி அறிவினால் வருவது. அதனை நிறைவேற்றும் கை அன்பினால் வருவது. இரண்டும் உடையவரே ஓர் உயிரை வளர்க்கத் தகுதி உடையவர்.